1909-க்கு எட்டாத விளம்பரங்கள்

கோவில்பட்டியில் இருக்கும் என் அம்மாவுக்கு வாட்ஸ்அப் என்றால் பேரப்பிள்ளைகளின் குரல். எழுத்தைவிடக் குரல் பதிவுதான் அவருக்குச் சுலபம். போனில் அந்தச் சத்தம் கேட்டால் அடுப்பை அணைத்துவிட்டு வந்து எடுத்துப் பார்ப்பார். கொஞ்ச காலமாக அந்தச் சத்தத்துக்குக் காரணம் பெரும்பாலும் அவருடைய சிம் கம்பெனிதான். வண்ணப் படம், நடுவில் கொட்டை எழுத்தில் ஒரு விலை, அதன் கீழே தொட்டால் நேராகப் பணம் கட்டுகிற இடத்துக்குப் போகும் பட்டன். எழுதியிருப்பதெல்லாம் ஆங்கிலம்.

முதல் தடவை என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். "ஏம்மா, போன் கம்பெனிக்காரன் படம் போட்டு அனுப்பியிருக்கான். இதைக் கட்டலைன்னா லைனை நிறுத்திருவானா?" வேலிடிட்டி இன்னும் நிறைய நாள் இருக்கிறது, பேசாமல் விட்டுவிடுங்கள் என்றேன். அடுத்த தடவை கேட்கவில்லை. தெருமுனை ரீசார்ஜ் கடை அண்ணாச்சியிடம் போனை நீட்டி, படத்தில் இருந்த தொகையைக் கட்டிவிட்டு வந்துவிட்டார். அது டேட்டா பேக். வீட்டில் வைஃபை இருக்கிறது. வெளியே போனால் அம்மாவுக்குப் போன் பேசுவதற்கு மட்டும்தான். அவருக்கு எந்த உபயோகமும் இல்லாத ஒன்றுக்குப் பென்ஷன் பணத்தில் ஒரு பங்கு போய்விட்டது.

அண்ணாச்சியைக் குறை சொல்ல முடியாது. "நான் சொன்னேம்மா, இது உங்களுக்கு வேண்டாம்னு. கம்பெனியே எனக்குன்னு அனுப்பியிருக்கான், நீங்க என்ன வேண்டாங்கிறீங்கன்னுட்டாக" என்றார். அந்த 'எனக்குன்னு' என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. தினசரியில் வருகிற விளம்பரத்தை அம்மா தனக்கு வந்த கடிதமாக நினைப்பதில்லை. மகளும் மருமகளும் பேசுகிற அதே பட்டியலில், அவர்களுக்கு மேலேயே வந்து நிற்கிற செய்தியை அப்படித்தான் நினைக்கிறார்.

எனக்குக் கோபம் வந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. அம்மாவின் நம்பரை முழுத் தடையில் 1909-இல் பதிந்து வைத்திருப்பவள் நான். எந்த விளம்பரமும் வேண்டாம் என்று அரசு ஏற்படுத்திய பதிவேட்டில் சொல்லியாகிவிட்டது. பிறகும் எப்படி வருகிறது? பதில் எளிது. 1909 தொலைபேசி அழைப்புக்கும் எஸ்எம்எஸ்ஸுக்கும்தான். வாட்ஸ்அப் அதன் எல்லைக்கு வெளியே இருக்கிறது.

இந்த எல்லை எப்படி உண்டானது என்று கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்க வேண்டும். பட்டன் போன் காலத்தை நினைத்துப் பாருங்கள். பேலன்ஸ் பார்த்து முடித்ததும் திரையில் தானாக ஒரு பெட்டி வந்து நிற்கும். 'ஓகே' அழுத்தினால் ஜோதிடமோ கிரிக்கெட் ஸ்கோரோ காலர் டியூனோ ஒட்டிக்கொள்ளும், தினமும் காசு கழியும். அந்தப் பெட்டியை அனுப்பியது வேறு யாருமல்ல, நமக்கு சிம் கொடுத்த கம்பெனிதான். இப்படிப் பணம் போனவர்களின் புகார்கள் குவிந்த பிறகுதான் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், 2013-இல் இரண்டு முறை சம்மதம் வாங்காமல் இப்படிப்பட்ட சேவைகளைத் தொடங்கக்கூடாது என்று உறுதியாகச் சொன்னது. நிறுத்துவதற்கு 155223 என்ற பொது எண்ணும் வந்தது.

வெளியார் விளம்பரத்துக்கான கட்டுப்பாடு அதற்கு முன்பே தொடங்கியிருந்தது. 2007-இல் 'அழைக்காதே' பதிவேடு. அது போதாமல் 2010 டிசம்பரில் புதிய விதிகள்.  விளம்பரக்காரர்கள் சாதாரண சிம்களை வாங்கிப் போட்டு எஸ்எம்எஸ் கொட்டியதால், 2011 செப்டம்பரில் ஒரு சிம்மிலிருந்து ஒரு நாளைக்கு 100 எஸ்எம்எஸ்தான் என்று வரம்பு வைத்தார்கள். கொஞ்ச நாளில் அது 200 ஆனது. யாரோ செய்த தொல்லைக்கு நண்பர்களுக்குள் எஸ்எம்எஸ் அனுப்பிக்கொண்டிருந்த கல்லூரிப் பிள்ளைகள் தண்டனை அனுபவித்தார்கள்.

2018 ஜூலையில் வந்த விதிகள் அடுத்த பெரிய படி. எஸ்எம்எஸ் அனுப்புகிற ஒவ்வொரு நிறுவனமும் தன் பெயர்த் தலைப்பைப் பதிய வேண்டும், அனுப்பப்போகும் வாசகத்தின் மாதிரியைப் பதிய வேண்டும். பதிவு இருப்பது பிளாக்செயின் முறையில், அதாவது ஒருவர் மட்டும் தனியாகத் திருத்திவிட முடியாத கூட்டுப் பதிவேட்டில், எல்லா சிம் கம்பெனிகளுக்கும் பொதுவாக. பதியாத வாசகம் வழியிலேயே தடுக்கப்படும். 2021 மார்ச் 8 அன்று இந்தச் சல்லடையை முழுதாக இயக்கியபோது, பல வங்கிகளும் நிறுவனங்களும் வாசகங்களைச் சரியாகப் பதிந்திருக்கவில்லை. நாடு முழுக்க ஓடிபி வராமல் திண்டாடினார்கள். மறுநாளே டிராய் அதை ஒரு வாரத்துக்கு நிறுத்திவைத்துப் பிறகு படிப்படியாகக் கொண்டுவந்தது. 2024 அக்டோபரிலிருந்து எஸ்எம்எஸ்ஸுக்குள் இருக்கும் இணைப்பு முன்கூட்டியே பதியப்பட்டதாக இருக்க வேண்டும், இல்லையென்றால் செய்தி போகாது. 2025 பிப்ரவரி திருத்தத்துக்குப் பிறகு, அனுப்புநர் பெயரின் கடைசியில் ஓர் எழுத்து சேர்ந்தது: விளம்பரம் என்றால் 'பி', சேவைச் செய்தி என்றால் 'எஸ்', பரிவர்த்தனை என்றால் 'டி', அரசு என்றால் 'ஜி'. புகார் கொடுக்க மூன்று நாள் இருந்தது ஏழு நாளானது.

இதில் ஓட்டைகள் இல்லாமல் இல்லை. பத்து இலக்கச் சாதாரண நம்பர்களிலிருந்து கடன் வேண்டுமா என்று கேட்கிற குரல்கள் இன்னும் ஓயவில்லை. ஆனாலும் ஒரு எஸ்எம்எஸ் வந்தால் அனுப்பியது யார், என்ன வாசகம் பதிந்திருக்கிறார்கள், எந்த வழியாக வந்தது என்று தேடிப் பிடிக்க இன்று ஒரு முறை இருக்கிறது. பதினைந்து வருடத்துக்கு மேலாகப் பொதுமக்கள் புகார் எழுதி எழுதிக் கட்டிய முறை அது. நான் அதை மதிக்கிறேன்.

அந்த முறை நிற்கிற இடத்தில்தான் வாட்ஸ்அப் தொடங்குகிறது.

விளம்பரம் கூடாது என்ற பிடிவாதத்தோடு தொடங்கப்பட்ட செயலி அது. 2009-இல் அதைத் தொடங்கிய ஜேன் கோம், பிரையன் ஆக்டன் இருவரும் யாஹூவில் வேலை பார்த்தவர்கள், விளம்பரத் தொழிலை உள்ளிருந்து பார்த்தவர்கள். 'விளம்பரம் வேண்டாம், விளையாட்டு வேண்டாம், வித்தை வேண்டாம்' என்று ஆக்டன் எழுதிக் கொடுத்த துண்டுச் சீட்டைக் கோம் தன் மேசையில் வைத்திருந்தார். நாங்கள் ஏன் விளம்பரம் விற்பதில்லை என்று 2012-இல் வெளிப்படையாக எழுதினார்கள். 2014-இல் பேஸ்புக் 1,900 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது. 2016-இல் வருடத்துக்கு ஒரு டாலர் என்ற சந்தாவையும் எடுத்துவிட்டார்கள். அப்போதே சொல்லிவிட்டார்கள், இனி நிறுவனங்கள் வாடிக்கையாளரோடு பேசுவதற்கான வழிகளைச் சோதிப்போம் என்று. 2018 ஜனவரியில் சிறு கடைகளுக்கான பிசினஸ் செயலி, அதே வருடம் ஆகஸ்டில் பெரிய நிறுவனங்கள் தங்கள் கணினிகளிலிருந்து நேரடியாகச் செய்தி அனுப்பும் வசதி. அதற்குக் கட்டணம் உண்டு. விளம்பரம், சேவைத் தகவல், அடையாளச் சரிபார்ப்பு என்று வகை பிரித்து வெவ்வேறு விலை. 2025 ஜூலையிலிருந்து செய்தி ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் கணக்கு. இந்தியாவில் ஒரு விளம்பரச் செய்தியின் விலை ஒரு ரூபாய்க்கும் குறைவு.

எஸ்எம்எஸ் அதைவிட மலிவு. பின்னே ஏன் கூடுதல் காசு கொடுத்து இங்கே வருகிறார்கள்? படம் போடலாம், பட்டன் வைக்கலாம் என்பது ஒன்று. அதைவிட முக்கியமானது, நாம் திறந்து பார்த்தோமா என்பதும் அனுப்பியவருக்குத் தெரியும். நீல நிறக் குறியை நாம் அணைத்து வைக்காதவரை, 'போய்ச் சேர்ந்தது' என்பதோடு 'படிக்கப்பட்டது' என்ற தகவலும் நிறுவனத்துக்குப் போகிறது. எஸ்எம்எஸ்ஸில் இது கிடையாது. எஸ்எம்எஸ் பெட்டியை நம்மில் பலர் ஓடிபிக்கு மட்டும்தான் திறக்கிறோம், மற்றதெல்லாம் படிக்காமலே கிடக்கிறது. வாட்ஸ்அப்பை அப்படி விட முடியாது. மகன் பேசியிருப்பான், பள்ளிக்கூடக் குழுவில் ஏதாவது வந்திருக்கும், சங்கத்துக்காரர்கள் கூட்டம் வைத்திருப்பார்கள். 2021-இல் மத்திய அமைச்சர் சொன்ன கணக்குப்படியே இந்தியாவில் 53 கோடிப் பேர் அதில் இருந்தார்கள். நாம் உறவுக்காகக் கொடுக்கிற கவனத்தைத்தான் காசு கொடுத்து வாங்குகிறார்கள்.

துணிக்கடையும் நகைக்கடையும் மருத்துவமனையும்கூட இப்படி அனுப்புகின்றனவே, சிம் கம்பெனியை மட்டும் ஏன் பிடித்துக்கொண்டாய் என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். துணிக்கடையில் பில் போடும்போது நம்பர் கேட்பார்கள். கொடுக்காமல் வந்துவிடலாம், நான் அப்படித்தான் வருகிறேன். சிம் கம்பெனிக்கு நம்பர் கொடுக்காமல் இருக்க முடியுமா? நம்பரையே அவர்கள்தான் நமக்குக் கொடுத்தார்கள். வாட்ஸ்அப்பில் நம் முகவரியும் அதே நம்பர்தான். நம் வீட்டு எண்ணை ஒதுக்கிய அதிகாரியே சாயங்காலம் அதே கதவில் நோட்டீஸ் ஒட்ட வருவது போன்றது இது.

நம்பர் மட்டுமா? என்றைக்கு வேலிடிட்டி முடிகிறது, போன மாதம் எவ்வளவு டேட்டா ஓடியது, வழக்கமாக எத்தனை ரூபாய்க்குப் போடுகிறோம், எல்லாம் அவர்களிடம் இருக்கிறது. ஒருவருக்கு எப்போது பயம் வரும் என்று இதைவிடத் துல்லியமாகத் தெரிந்த விளம்பரதாரர் வேறு கிடையாது. வேலிடிட்டி முடிந்தால் இன்கமிங் நின்றுவிடுமோ என்பதுதான் அம்மாவின் வயதில் இருப்பவர்களின் பெரிய பயம். ராத்திரி உடம்புக்கு முடியவில்லை என்றால் யாரைக் கூப்பிடுவது? அந்தப் பயத்தின்மேல் ஏறி ஒரு டேட்டா பேக்கை விற்பதை வியாபாரத் திறமை என்று என்னால் ஏற்றுக்கொள்ள முடியாது.

பேச மட்டும் போன் வைத்திருப்பவர்கள் டேட்டாவுக்கும் சேர்த்துப் பணம் கட்ட வேண்டியிருக்கிறது என்பதால், பேச்சுக்கும் எஸ்எம்எஸ்ஸுக்கும் மட்டுமான திட்டம் ஒன்றாவது எல்லாக் கம்பெனிகளிலும் இருக்க வேண்டும் என்று 2024 டிசம்பரில் டிராய் கட்டளையிட்டது. 2025 ஜனவரியில் அப்படிப்பட்ட திட்டங்கள் வந்தன. அம்மாவுக்கு அளவெடுத்துத் தைத்தது மாதிரியான திட்டம் அதுதான். அவருடைய வாட்ஸ்அப்பை மேலிருந்து கீழ்வரை நகர்த்திப் பார்த்தேன். அதைப் பற்றி ஒரு செய்தியும் இல்லை. அண்ணாச்சிதான் சொல்லிக் கொடுத்தார்.

இந்த இடத்தில் இன்னொரு தகவலையும் சொல்ல வேண்டும். 2020 ஏப்ரலில் பேஸ்புக் ஜியோ பிளாட்ஃபார்ம்ஸில் 43,574 கோடி ரூபாய் போட்டு 9.99 சதவீதப் பங்கு வாங்கியது. நாட்டின் மிகப் பெரிய மொபைல் நிறுவனத்தின் தாய் நிறுவனத்தில் வாட்ஸ்அப்பின் உரிமையாளருக்குப் பங்கு இருக்கிறது. அதில் சட்டவிரோதம் எதுவும் இல்லை. ஆனால் செய்தியை அனுப்புகிறவரும் அதற்குக் கட்டணம் வாங்குகிறவரும் தொழிலில் இவ்வளவு நெருங்கியிருக்கும்போது, வேண்டாம் என்று சொல்ல நமக்குக் கொடுக்கப்படும் வழியை அவர்களே தீர்மானிக்கட்டும் என்று விட்டுவிட முடியாது.

இப்போது அந்த வழி எப்படி இருக்கிறது? நிறுவனங்கள் வாடிக்கையாளரின் சம்மதத்தைப் பெற்ற பிறகே செய்தி அனுப்ப வேண்டும் என்று மெட்டாவின் (பேஸ்புக் நிறுவனத்தின் இப்போதைய பெயர்) கொள்கை சொல்கிறது. ஒருவருக்கு எத்தனை விளம்பரச் செய்தி போகலாம் என்பதற்கும் அவர்கள் ஒரு வரம்பு வைத்திருக்கிறார்கள். சேவைத் தகவல் என்ற பெயரில் விளம்பரத்தை நுழைத்தால் அதை விளம்பரமாகவே கணக்கிடுகிறார்கள். இவையெல்லாம் நல்லதுதான். ஆனால் இவை ஒரு நிறுவனத்தின் வீட்டுச் சட்டம். நாளைக்கு மாற்றினால் கேட்க முடியாது. மீறினால் எனக்கு எங்கே புகார், யார் விசாரிப்பார், எத்தனை நாளில் பதில்? 1909-இல் புகார் கொடுத்தால் ஒரு எண் கிடைக்கிறது. வாட்ஸ்அப்பில் 'புகாரளி' என்று தொட்டால் அது எங்கே போய் விழுகிறது என்றுகூடத் தெரிவதில்லை.

சம்மதம் என்று அவர்கள் சொல்வதும் பெரும்பாலும் சிம் வாங்கும்போதோ செயலியை நிறுவும்போதோ நீளமான நிபந்தனைகளுக்குக் கீழே நாம் ஒரே ஒரு தடவை தொட்ட 'ஏற்கிறேன்'. அம்மாவின் சிம்முக்குக் கைரேகை வைக்க அவரை உட்காரவைத்தபோது நானும் பக்கத்தில் இருந்தேன். வாட்ஸ்அப்பில் விளம்பரம் அனுப்பலாமா என்று அவரிடம் யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை.

ஏமாற்றுக்காரர்களைப் பற்றிப் பேசாமல் இதை முடிக்க முடியாது. பிரதமர் எல்லோருக்கும் 239 ரூபாய்க்கு 28 நாள் இலவச ரீசார்ஜ் தருகிறார், இந்த இணைப்பைத் தொடுங்கள் என்று 2023-இல் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றியது நினைவிருக்கும். அது பொய் என்று மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகம் அறிவித்தது. எங்கள் தெருவில் அதை நம்பி மற்றவர்களுக்கு அனுப்பியவர்கள் உண்டு. இப்படிப்பட்டவற்றைத் தொடாதீர்கள் என்று நான் அம்மாவுக்கு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். ரீசார்ஜ் பற்றி வாட்ஸ்அப்பில் எது வந்தாலும் பொய் என்று எடுத்துக்கொள்ளுங்கள் என்பதுதான் நான் அவருக்குக் கற்றுக்கொடுத்த விதி, வயதானவர்கள் நினைவில் வைக்கக்கூடிய எளிய விதி. சிம் கம்பெனியே படமும் இணைப்பும் பட்டனும் வைத்து அங்கே வரத் தொடங்கியதும் அந்த விதி உடைந்துவிட்டது. பெயருக்குப் பக்கத்தில் சரிபார்ப்புக் குறி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்பார்கள். கண்புரை அறுவை செய்த கண்ணுக்கு அந்தக் குறி எவ்வளவு பெரிதாகத் தெரியும்? எஸ்எம்எஸ்ஸில் பதியாத இணைப்பு வழியிலேயே நின்றுவிடும் என்கிற பாதுகாப்பு இருக்கிறது. அந்தப் பாதுகாப்பைக் கட்டியதில் பங்கெடுத்த கம்பெனிகளே, அது இல்லாத இடத்துக்கு வந்து இணைப்பைத் தொடச் சொல்லிப் பழக்குகின்றன.

உபயோகமான செய்திகளும் வருகின்றன, அதை மறைக்க விரும்பவில்லை. பில் பிடிஎஃப் ஆக வருவது வசதி. சிக்னல் இல்லை என்று புகார் சொல்ல, அரை மணி நேரம் பாட்டு கேட்டுக்கொண்டு காத்திருக்காமல் எழுதி அனுப்பலாம். காது கேளாத என் சிநேகிதி ஒருத்திக்கு இது பெரிய விடுதலை. அவளிடமிருந்து அதைப் பறிக்க யாரும் கேட்கவில்லை. ஆனால் விளம்பரத்தை நிறுத்த அந்த நம்பரையே பிளாக் செய்தால், அதே நம்பரில் வருகிற பில்லும் போய்விடுகிறது. வாடிக்கையாளர் கேட்ட செய்திக்கு ஒரு நம்பர், விளம்பரத்துக்கு வேறு நம்பர் என்று பிரிப்பதில் என்ன கஷ்டம்?

சிம் கம்பெனிகளின் சங்கமான சிஓஏஐ, தொல்லைச் செய்திகள் எஸ்எம்எஸ்ஸிலிருந்து வாட்ஸ்அப் போன்ற செயலிகளுக்கு நகர்ந்துவிட்டன, அவற்றையும் அதே விதிக்குள் கொண்டுவாருங்கள் என்று திரும்பத் திரும்பக் கேட்டுவருகிறது. 2025 பிப்ரவரி திருத்தத்தில் அது இல்லை என்று வருத்தமும் தெரிவித்தது. அவர்கள் சொல்வது சரியென்றே நானும் நினைக்கிறேன். சரியென்று அவர்களே நினைக்கும்போது, தங்கள் விளம்பரங்களுக்கு அந்த விதியைத் தாங்களே இன்றே பொருத்திக்கொள்ளலாமே. 1909 பதிவேடு அவர்கள் கையில்தான் இருக்கிறது. வாட்ஸ்அப்புக்கு அனுப்பும் நம்பர்ப் பட்டியலை அந்தப் பதிவேட்டோடு ஒப்பிட்டு, வேண்டாம் என்றவர்களை நீக்கிவிட்டு அனுப்ப யார் அனுமதியும் தேவையில்லை.

தானாகச் செய்யமாட்டார்கள் என்றால், செய்யவைக்க வேண்டியது டிராய். வாட்ஸ்அப்பை ஒழுங்குபடுத்துவது யார் என்பதில் பல வருடமாக இழுபறி. 2023 டிசம்பரில் நிறைவேறிய தொலைத்தொடர்புச் சட்டத்தின் 28-ஆவது பிரிவு விளம்பரச் செய்திக்கு முன்சம்மதம் பற்றிப் பேசுகிறது, ஆனால் இத்தகைய செயலிகள் அந்தச் சட்டத்துக்குள் வராது என்றுதான் அரசு அப்போது விளக்கியது. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் 2023-இலேயே வந்தது. சம்மதத்தைக் கொடுப்பது எவ்வளவு சுலபமோ அவ்வளவு சுலபமாகத் திரும்பப் பெறவும் முடிய வேண்டும் என்று அழகாகச் சொல்கிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில்தான் வெளியாயின, முக்கியமான கடமைகள் நடைமுறைக்கு வர அதிலிருந்து 18 மாத அவகாசம். அதுவரை அம்மா எத்தனை பேக் போடுவார்?

இந்த இழுபறி தீரும்வரை காத்திருக்கத் தேவையில்லை என்பதுதான் என் வாதம். வாட்ஸ்அப் டிராயின் கீழ் வருமா வராதா என்பது வேறு கேள்வி. சிம் கம்பெனி டிராயின் கீழ் வருகிறது, அதில் யாருக்கும் சந்தேகமில்லை. 1909-இல் பதிந்த வாடிக்கையாளருக்கு உன் விளம்பரத்தை எந்த வழியாகவும் அனுப்பாதே என்று கம்பெனிக்குத்தான் கட்டளையிட வேண்டும், செயலிக்கு அல்ல. வேண்டாம் என்று சொன்னவர் ஒரு மனுஷி. எஸ்எம்எஸ்ஸுக்கு மட்டும் வேண்டாம், படம் போட்டால் பரவாயில்லை என்று அவர் சொல்லவில்லை.

இதைத் தமிழில் ஒரு பக்கத்துக்கு எழுதி டிராய்க்கு அனுப்பப்போகிறேன். அவர்கள் வெளியிடும் ஆலோசனைத் தாள்களுக்கு யார் வேண்டுமானாலும் கருத்து எழுதலாம், ஆனால் வருகிற பதில்களில் பெரும்பாலானவை கம்பெனிகளும் சங்கங்களும் எழுதுபவை. ரீசார்ஜ் கடை வைத்திருப்பவர்கள் எழுத வேண்டும் என்று எனக்கு ஆசை. யார் எதைப் பார்த்து என்ன போட்டார்கள் என்று அவர்களைவிடத் தெரிந்தவர்கள் இல்லை. அண்ணாச்சியிடம் கேட்டிருக்கிறேன், நீ எழுதும்மா, நான் கையெழுத்துப் போடுறேன் என்றிருக்கிறார்.

அதற்குள் வீட்டில் பெரியவர்கள் இருப்பவர்கள் செய்யக்கூடியவை சில. 'START 0' என்று 1909-க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் அழைப்பு, எஸ்எம்எஸ் விளம்பரங்களுக்கு முழுத் தடை கேட்டதாகும், அதை முதலில் செய்துவிடுங்கள். வாட்ஸ்அப்பில் கம்பெனியின் பெயரைத் தொட்டு உள்ளே போய், சலுகைகளையும் அறிவிப்புகளையும் நிறுத்தும் வசதி காட்டினால் நிறுத்துங்கள், இல்லாவிட்டால் அந்த உரையாடலைச் சத்தமில்லாமல் ஆக்கி 'ஆர்க்கைவ்' பகுதிக்குள் தள்ளிவிடுங்கள். பில் அதில்தான் வருகிறது என்றால் பிளாக் செய்யும்முன் யோசியுங்கள். ஏமாற்றுச் செய்தி என்று சந்தேகம் வந்தால் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் 'சக்ஷு' என்ற பகுதியில் வாட்ஸ்அப் செய்தியையும் புகாராகக் கொடுக்கலாம். ரீசார்ஜ் முடியும் தேதியை வீட்டுக் காலண்டரில் பேனாவால் வட்டமிட்டுக் கொடுங்கள், அந்தத் தேதி வரும்வரை யார் என்ன அனுப்பினாலும் பணம் கட்ட வேண்டாம் என்று சொல்லுங்கள். பேசுவதற்கு மட்டும் போன் வைத்திருப்பவர் என்றால், டேட்டா இல்லாத திட்டம் எது என்று கடையில் பெயர் சொல்லிக் கேளுங்கள்.